மாமாவின் கார்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்கு அது பொருந்தாது. மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் செய்வதே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுதான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்பதில் வயசு தெரிந்துவிடும். அப்புறம் சுழி, குளம்பு, நடை. விற்கிறவர் பக்கத்திலேயே நிற்பார். ‘என்னை நம்பலையா’ என்று முகம் சுளிக்க மாட்டார். அடுத்த வாரம் அவரே இன்னொரு மாட்டின் வாயைத் திறக்க வேண்டியவர்தான்.

இதில் இவ்வளவு தெளிவாக இருந்த நமக்கு, பழைய கார் வாங்கும்போது மட்டும் எங்கிருந்தோ கூச்சம் வந்துவிடுகிறது. அதுவும் தெரிந்தவரிடம் வாங்குகிறோம் என்றால் கேட்கவே வேண்டாம்.

2021இல் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். பஸ் ஏற முடியாது, ஆட்டோவின் குலுக்கலும் தாங்காது. திருச்சியில் இருக்கும் அத்தை வீட்டு மாமா தன் டீசல் காரை விற்கப்போவதாகச் சொன்னார். 2014 மாடல், விலை ரெண்டே முக்கால் லட்சம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னதும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது.

“பொண்ணு குடுத்த எடம்மா அது. மாப்பிள்ளைகிட்ட போயி, ஒங்க வண்டியச் செக் பண்ணணும்னு எந்த வாயால கேக்குறது?”

அவர் பயம் புரிந்தது. தங்கை புருஷனை ஒரு வார்த்தை கேட்டால், பதில் தங்கைக்குத்தான் போய்ச் சேரும். நானே மாமாவுக்கு போன் செய்தேன். “அம்மா போற வண்டி மாமா. எங்க மெக்கானிக் அண்ணன் ஒருதடவ பாத்துட்டா, இனிமே என்ன செலவு வரும்னு தெரிஞ்சுக்குவேன்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பாரேன், நான் என்ன ஒளிச்சா வெச்சிருக்கேன்” என்றார்.

மெக்கானிக் அண்ணன் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு நிபந்தனையும் இருந்தது: நாங்கள் போவதற்கு முன் யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சூடான இன்ஜின் பல வியாதிகளை மறைத்துவிடும் என்றார். போனதும் பானட்டில் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு சைலன்ஸர் பக்கம் போய் நின்றார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ரெண்டும் வரவில்லை. கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்து வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார். அடிபட்டு ஒட்டுப்போட்ட வண்டி இல்லை. கிலோமீட்டரை நம்பாமல் பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். அதுவும் சரி. அப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

பிறகு முன் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. அடி முனையில் காய்ந்த வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் சீட்டு போல்ட்டுகளில் துரு. சாவியைத் திருப்பிவிட்டு மீட்டரைக் காட்டினார். “ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையணும். இதுல எரியவே இல்ல பாருங்க. யாரோ கழட்டி விட்டிருக்காங்க.” ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் பக்கத்தில், தரையோடு இருக்கும். தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான்.

சென்னைப் பதிவு எண். டிசம்பர் 2015 வெள்ளம். மாமா அதை ஒரு புரோக்கர் மூலமாக வாங்கியது 2017இல்.

மாமா பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. வாசலில் நின்ற அத்தை, “இந்த சீட்லதான நான் புள்ளய மடியில வெச்சுக்கிட்டு…” என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் ஒரு நடுவாந்தர விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அது கட்டாது, விலகிவிடுவார். மிஞ்சுவதெல்லாம் ஓட்டை வண்டி. இந்த வகை ஆய்வுகளுக்காக 2001இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அந்த வாதப்படி பார்த்தால், சோதனை செய்வதில் நல்ல வண்டிக்காரருக்கும் லாபம் உண்டு, தன் விலையைத் தைரியமாகக் கேட்கலாம்.

ஆனால் எங்கள் அத்தை வீட்டு வாசலில் விற்கிறவருக்கும் தெரியவில்லை. வண்டி கை மாற மாற, அதன் கதை ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தொலைகிறது. மாமா யோக்கியமானவர் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அவருடைய யோக்கியத்தை வைத்து ஏர்பேக் வேலை செய்யுமா என்று கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். நாம் கூச்சப்படும்போது ஆளையும் வண்டியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பேப்பர் விஷயத்திலும் இதே குழப்பம்தான். ‘நம்ம ஆளுதானே, பேரை மெதுவா மாத்திக்கலாம்’ என்று படிவம் 29, 30இல் கையெழுத்தை மட்டும் வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறோம். விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. வண்டியை எப்போதோ விற்றுவிட்ட சித்தப்பாவோ நண்பரோ கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

அந்தக் காரை நாங்கள் வாங்கவில்லை. அப்பாவுக்கும் மாமாவுக்கும் இடையே பழைய கலகலப்பு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கியிருந்து, ஒரு மழைக்காலத்தில் அது நடுரோட்டில் நின்றிருந்தால், ‘மாப்பிள்ளை நம்ம தலையில கட்டிட்டார்’ என்ற பேச்சு ஆயுசுக்கும் ஓடியிருக்கும். அவர் செய்யாத தப்புக்கு. நாலு மாசம் கழித்து மாமா வண்டியை விற்றார். வாங்க வந்தவரிடம் அவரே பெல்ட்டை இழுத்துக் காட்டினாராம். எண்பதாயிரம் குறைவாகப் போனது.

எங்களுக்கு வண்டி கிடைத்தது முன்பின் தெரியாத, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம். மெக்கானிக்கோடு வரலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “காலைல ஏழு மணிக்கு வாங்கம்மா, ஸ்டார்ட் பண்ணாமலே வெச்சிருக்கேன்” என்றார்.