போத்தலின் மெலிந்த பக்கம்

பல ஆண்டுகளுக்கு முன்னர், கட்டுரையொன்றுக்காகக் கொழும்புக்கு வெளியேயிருந்த போத்தல் தொழிற்சாலையொன்றுக்குச் சென்றிருந்தேன். உருகிய பிளாஸ்டிக் குழாயாக இறங்கும். அச்சு அதனைக் கவ்வும். உள்ளே காற்று ஊதப் போத்தல் உருவாகும். எண்ணெய் அழுத்தமின்றி, மின்மோட்டார்களால் மட்டும் இயங்கும் இயந்திரம் அது.

முதல்நாள் இரவு வார்த்த போத்தல்கள் ஒரு பக்கம் மெலிந்திருந்தன. இரவுப்பணி இளைஞன் வெப்பநிலையை மாற்றிவிட்டான், நட்டத்தை அவன் சம்பளத்தில் கழிக்கப்போகிறேன் என்றார் முகாமையாளர். நானும் அவ்வாறே குறித்துக்கொண்டேன்.

முதிய பராமரிப்பாளர் போத்தலொன்றைக் குறுக்கே வெட்டி விரலால் தடவினார். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, குழாய் இறங்கும் வாயைச் சுற்றியிருந்த இரு அரைவட்ட வெப்பப் பட்டிகளையும் சோதித்தார். ஒன்று எரிந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் குளிர்ந்துவிட, சூடான மறுபக்கமே அதிகம் நீண்டு மெலிந்திருக்கிறது. வெப்ப உணரி நல்ல பட்டியின் பக்கம் இருந்தமையால் திரையில் எண் வழமைபோலவே தெரிந்தது. இளைஞன் எதையும் மாற்றவில்லை.

"எண்ணெய் இல்லாத மெஷின் எண்டாப் பார்க்கத் தேவையில்லை எண்டு நினைக்கினம், ஐயா. பட்டியை இடைக்கிடை சோதிச்சிருந்தா இந்தப் பெடியனுக்கு ஏன் இந்தப் பழி?" என்றார்.

சம்பளம் தப்பியது. திரையிலிருந்த எண்ணை நானுந்தான் பார்த்தேன்; கேள்வி கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிய வரியை அடித்தேன். அன்று முதல், போத்தலை வெட்டிப் பார்க்காமல் குற்றவாளியின் பெயரை எழுதுவதில்லை.