நாலு கலர் சீட்டும் ஒரு சின்னப் பாலமும்

எங்க தொகுதி ஸ்ரீரங்கம்னு சொன்னா வெளியூர்க்காரங்க உடனே ராஜகோபுரத்தையும் சித்திரை வீதியையும்தான் நினைக்கிறாங்க. கோயில் ஊரு தொகுதியில ஒரு ஓரம், மாநகராட்சி வார்டு. மீதி பெரும்பாலும் கிராமம்தான். காவிரிக்குத் தெற்கே கரூர் ரோட்டை ஒட்டி வாழை, நெல்லு, வெத்திலைக் கொடிக்கால். இன்னும் தெற்கே மணிகண்டம் பக்கம் போனா மானாவாரிக் காடு. நமக்கு ஆத்துப் பாசனம், வாழைதான் பொழப்பு.

பொங்கல் முடிஞ்சு கரும்புச் சோகை கூட இன்னும் கூட்டல, அதுக்குள்ள சுவத்துக்கு வெள்ளையடிச்சு எடம் பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சட்டமன்றத் தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கல. ஆனா ஏப்ரல் மே வாக்குல ஓட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். டவுன்ல இருக்குற சொந்தக்காரப் பசங்க போன் போட்டா முதல் கேள்வி, "சித்தப்பா, உங்க பக்கம் யாருக்கு அடிக்குது காத்து?" காத்து எங்களுக்கு அடிச்சா வாழை சாயும். அது ஒன்னுதான் எனக்குத் தெரிஞ்ச காத்து.

தேர்தல்னா என்னன்னு எங்க தொகுதி மாதிரி பாத்த ஊரு கம்மி. 2011ல ஜெயலலிதா இங்க நின்னாங்க. 41,848 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, ராத்திரியோட ராத்திரியா நாங்க முதலமைச்சர் தொகுதி ஆயிட்டோம். 2014 செப்டம்பர் 27ஆம் தேதி பெங்களூர்ல தீர்ப்பு வந்து பதவி போச்சு. 2015 பிப்ரவரி 13ல இடைத்தேர்தல். அதை நேர்ல பாத்திருக்கணும் நீங்க. டிவியில மட்டும் பாத்த மந்திரிங்க எல்லாம் தொகுதிக்குள்ள முகாம் போட்டாங்க. ஒரு கட்சிக்காரர் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து மோர் குடிச்சுட்டு, மாட்டுக்கு என்ன தீவனம் வைக்கிறீங்கன்னு ரொம்ப அக்கறையா விசாரிச்சாரு. மறுநாள் இன்னொரு கட்சிக்காரரும் அதையேதான் விசாரிச்சாரு. மாட்டுக்கே கூச்சமாப் போச்சு. அந்தத் தேர்தல்ல வளர்மதி 96,516 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க.

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒன்னேகால் வருஷம் கழிச்சு 2016 பொதுத்தேர்தல் வந்துச்சு. அதே வேட்பாளர், அதே கட்சி. வித்தியாசம் 14,409. அடுத்து 2021ல தி.மு.க.வோட பழனியாண்டி 19,915 ஓட்டு வித்தியாசத்துல வந்தாரு. அதே ஊரு, அதே ஜனந்தான். கிராமத்தான் கவர் வாங்கிட்டுக் குத்திடுவான்னு டவுன்ல ஈஸியா சொல்லிடுறாங்க. பட்டுவாடாவே நடக்கலன்னு நான் பொய் சொல்லமாட்டேன். பக்கத்துல கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில 2016ல பணப் பிரச்சினையால ஓட்டுப்பதிவையே தள்ளிவச்சு நவம்பர்ல நடத்தினாங்க. ஆனா எங்க ஜனம் கவரையும் ஓட்டையும் வேற வேற பையில வச்சுக்கத் தெரிஞ்சவங்க. இந்த மூணு கணக்கையும் அடுத்தடுத்து வச்சுப் பாருங்க.

இந்தத் தடவை தேர்தல் நவம்பர்லயே ஆரம்பிச்சுடுச்சு எங்களுக்கு. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர்.னு ஒன்னு. நவம்பர் 4ல இருந்து வீடு வீடா பாரம் கொடுத்தாங்க. எங்க பகுதிக்கு வந்த பி.எல்.ஓ. அங்கன்வாடி டீச்சரம்மா. 2002ஆம் வருஷப் பட்டியல்ல உங்க பேரு எந்த பாகம், எந்த வரிசைன்னு கேட்டுச்சு அந்தப் பாரம். 2002ல தொகுதி எல்லையே வேற. மறுவரையறை அப்புறம்தான் வந்துச்சு. எங்க அம்மாவுக்கு எண்பது வயசு, பழைய பட்டியல்ல பேரு ஒரு எழுத்து மாறிக் கிடக்கு. மருமகளுக்கு அப்ப ஓட்டே இல்ல, சின்னப் புள்ள. அது பொறந்த வீடு பெரம்பலூர் பக்கம். அவங்கப்பா எந்தப் பள்ளிக்கூடத்து பூத்துல ஓட்டுப் போட்டாருன்னு சம்பந்திக்குப் போன் போட்டா, அவரு "சம்பந்தி, நான் அந்த வருஷம் கேரளாவுல கல்லு வேலைக்குப் போயிருந்தேனே" ங்கிறாரு. கடைசியில மருமகளோட பாட்டி பேரு கிடைச்சு அதை வச்சுப் பாரத்தை நிரப்பினோம். டீச்சரம்மா மூணு தடவை வந்துச்சு பாவம், மழையில கூட. டிசம்பர் 19ல வரைவுப் பட்டியல் வந்தப்ப தமிழ்நாடு பூரா 97 லட்சத்துக்கு மேல பேரு எடுத்தாச்சுன்னாங்க. செத்தவங்க, ஊர் மாறினவங்க, ரெண்டு இடத்துல இருந்தவங்கன்னு கணக்கு. எங்க வீட்ல அஞ்சு பேரும் தப்பிச்சோம்.

ஆக, இந்த ஓட்டு எங்களுக்கு இருக்கா இல்லையான்னு பாக்க அரசாங்கம் மூணு தடவை வாசப்படி ஏறிச்சு. எங்களுக்கு இன்னும் நாலு ஓட்டு உண்டு. அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. டவுன்ல இருக்குறவங்களுக்கு இது தெரியுமோ என்னமோ, அதனால சொல்றேன்.

கிராமத்துல உள்ளாட்சித் தேர்தல்னா ஒரு ஆளுக்கு நாலு சீட்டு கொடுப்பாங்க. மெஷின் கிடையாது, பழைய மாதிரி முத்திரை குத்திப் பெட்டியில போடணும். வார்டு மெம்பருக்கு வெள்ளை, பஞ்சாயத்துத் தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மெம்பருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னமே இல்ல. பூட்டு சாவி, கத்திரிக்கா, ஆட்டோ ரிக்சா மாதிரி ஏதாவது ஒரு சின்னம். 2019 டிசம்பர்ல நாங்க இந்த நாலையும் போட்டோம். எங்க வார்டுல ஜெயிச்சது என்னோட வாழைக்குக் களை வெட்ட வர்ற அக்கா. ஏழு ஓட்டு வித்தியாசம். தெருவிளக்கு எரியலன்னா அவங்க களை வெட்டிக்கிட்டு இருக்கும்போதே வரப்புல நின்னு சொல்லலாம். "மாமா, நாளைக்குப் பாக்குறேன்" னு சொல்வாங்க. நாளைக்கு எரியாட்டி நாளான்னைக்கு அதே வரப்புல மறுபடியும் சொல்லலாம். கோவம் வந்தா அவங்களும் திருப்பிக் கத்துவாங்க. அது தான் வசதி. கத்துறதுக்குக் கைக்கெட்டுற தூரத்துல ஒரு ஆளு.

அந்த அக்கா பதவி 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சுது. தலைவர், கவுன்சிலர் எல்லாருக்கும் அன்னைக்கே முடிஞ்சுது. அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும்னு அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்கு, 243 ஈ. நடக்கல. வார்டு வரையறை, ஊராட்சிகளை நகரத்தோட சேர்க்குற வேலைன்னு காரணம் சொன்னாங்க. இப்ப ஊராட்சிக்குத் தனி அலுவலர்தான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்துல இருக்குற அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருத்தர். நல்ல மனுசராவே இருக்கட்டும், எத்தனை வரப்புலதான் நிப்பாரு?

இது முதல் தடவையும் இல்ல. 2016 அக்டோபர்ல நடக்க இருந்த தேர்தலை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, அப்புறம் 2019 டிசம்பர் வரைக்கும் நடக்கவே இல்ல. அந்த ஆட்சியில மூணு வருஷத்துக்கு மேல, இந்த ஆட்சியில ஒரு வருஷத்துக்கு மேல. எந்தக் கட்சி மேல இருந்தாலும் கீழ இருக்குற ஓட்டை ஒத்திவைக்கிறதுல மட்டும் ஒத்துமை.

இப்ப என் பாலத்துக்கு வர்றேன். என் பாலம்னா எனக்கு மட்டும் இல்ல, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிலம் இருக்குற இருபத்தஞ்சு குடும்பத்துக்கும் அதுதான் வழி. சின்னப் பாலம், ஒரு டிராக்டர் போகும். 2024 நவம்பர் மழையில ஒரு பக்கச் சுவர் இடிஞ்சு உள்ள இறங்கிடுச்சு. தலைவரைப் பாத்தோம், வந்து அளந்தாரு, திட்டத்துல வச்சுடலாம்னாரு. ஜனவரியில அவரே இல்ல. அப்புறம் ஒரு ஆபீஸ்ல போய்க் கேட்டா வாய்க்கால் எங்களது இல்லங்கிறாங்க. அந்த இன்னொரு ஆபீஸ்ல வாய்க்கால் எங்களது, பாலம் எங்களது இல்லங்கிறாங்க. கிராம சபையில சொன்னோம். அக்டோபர் 2 நடக்க வேண்டிய கிராம சபை போன வருஷம் 11ஆம் தேதிக்குத் தள்ளிப்போச்சு, முதலமைச்சர் காணொளியில பேசினாரு. எங்க ஊர்ல பந்தல் போட்டு எல்.இ.டி. வச்சிருந்தாங்க, கூட்டம் நல்ல கூட்டம். தீர்மான நோட்டுல எங்க பாலமும் எழுதியாச்சு, நானே படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எழுதினதைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையத்தான் ஆளு இல்ல. தலைவர் வேலைன்னா பாதி அந்த அலைச்சல்தானே.

நஷ்டம் என்னன்னு கணக்குச் சொல்றேன். எனக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர், பூவன் 1,300 கன்னு. காத்துல சாஞ்சது போக 1,200 தாரு தேறும்னு வைங்க. முன்னாடி வண்டி வயல் வரைக்கும் வரும். இப்ப தென்னந்துண்டு ரெண்டைக் குறுக்கே போட்டு அதுமேல ஆளு தலைச்சுமையா தூக்கி ரோட்டுக்குக் கொண்டாறணும். தாருக்கு 20 ரூபா கூலி. 24,000 ரூபா. வாழைக்காரனுக்கு ஒரு வெட்டுல 24,000 ரூபாங்கிறது சில வருஷம் மொத்த லாபமே அதுதான். போன ஐப்பசியில பக்கத்து வயல் தம்பி தாரோட வழுக்கி வாய்க்கால்ல விழுந்து முழங்கால் வீங்கி பத்து நாள் படுத்தாரு.

மேல போடுற ஓட்டால பிரயோஜனம் இல்லன்னு நான் சொல்லவே இல்ல. 2021 பிப்ரவரியில கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. ஏப்ரல்ல தேர்தல். எனக்கும் அதுல தீர்ந்துச்சு, நிம்மதியா தூங்கினேன், ஏன் மறைக்கணும். ஒழுங்கா வட்டியோட கட்டி முடிச்ச எங்க பெரியப்பா மகன் மட்டும் இன்னைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாரு. முக்கொம்பு மேலணை 1836ல கட்டினது, 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி ராத்திரி கொள்ளிடம் பக்கத்துல 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. கோடிக்கணக்குல செலவு பண்ணி புதுசாவே கட்டிட்டாங்க. அணை உடைஞ்சா டிவிக்காரன் வருவான், முதலமைச்சர் வருவாரு. ஏழெட்டு லட்சத்துல முடியுற பாலத்துக்கு வர வேண்டியது மெம்பரும் தலைவரும்தான், அவங்க நாற்காலிதான் காலியாக் கெடக்கு.

இதுக்கு நடுவுல மாநகராட்சியோட சேர்க்குற பேச்சு வேற. போன வருஷம் அறிவிப்பு வந்தப்ப அதவத்தூர் பக்கத்து ஜனங்க ரோட்டுல உக்காந்தாங்க. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போயிடும்னு பயம். அந்த நூறு நாள் வேலைச் சட்டத்தையே டெல்லியில டிசம்பர்ல மாத்திட்டாங்க, அது தனிக் கதை. ஸ்ரீரங்கமே ஒரு காலத்துல தனி முனிசிபாலிட்டி. 1994ல திருச்சியை மாநகராட்சி ஆக்கினப்ப பொன்மலையையும் ஸ்ரீரங்கத்தையும் உள்ள இழுத்துக்கிட்டாங்க. அதனால அந்த ஊரு கெட்டுப்போச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா சேரணுமா வேண்டாமான்னு சொல்ல வேண்டிய ஊராட்சி மன்றமே இல்லாத நேரத்துல அந்தக் கேள்வியைக் கேக்குறாங்க பாருங்க, அதுதான் எனக்குச் செரிக்கல.

போன வாரம் ஒரு கட்சியில இருந்து ரெண்டு பசங்க வந்தானுங்க. கையில செல்போன், வீட்டுக்கு எத்தனை ஓட்டுன்னு கணக்கெடுப்பு. அஞ்சுன்னேன். வேற ஏதும் குறை இருக்கா மாமான்னு மரியாதையாத்தான் கேட்டானுங்க. பாலத்தைச் சொன்னேன். "எம்.எல்.ஏ. வந்ததும் முடிச்சுடலாம் மாமா, இன்னும் நாலு மாசம்தானே" ன்னான் ஒருத்தன். நாலு மாசத்துல சித்திரைச் சுழிக்காத்து வந்துடும். எனக்கு வெட்டு மாசியிலயே ஆரம்பம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தேதி அறிவிச்ச அன்னைக்கே நடத்தை விதி வந்துடும். அப்புறம் திங்கக்கிழமை மனு நாள் கிடையாது, விவசாயிகள் குறைதீர் கூட்டம் கிடையாது, கிராம சபையும் நடக்காது. நடந்துக்கிட்டு இருக்குற வேலையைத் தொடரலாம், புதுசா ஆரம்பிக்க முடியாது. உத்தரவு கையில இருந்தாக் கூட மண்ணு வெட்டலன்னா வெட்டக்கூடாது. அதனால எங்களுக்கு இருக்குறது இந்தத் தை மாசமும் மாசியில கொஞ்சமும்தான். அதுக்குள்ள ஒரு லோடு ஜல்லியாவது வாய்க்கால் ஓரம் கொட்டிடணும்.

பழைய மெம்பர் அக்காவைக் கேட்டேன், வர்றீங்களான்னு. "நான்தான் இப்ப ஒன்னுமில்லையே மாமா" ன்னாங்க. வாங்க, பாலத்தை அளந்தப்ப டேப்பு பிடிச்சது நீங்கதானே, நீளம் அகலம் உங்களுக்குத்தான் தெரியும்னேன். சரின்னுட்டாங்க. மனுவோட கிராம சபைத் தீர்மான நகல், தென்னந்துண்டு மேல தாரு தூக்கிட்டுப் போற போட்டோ நாலு, இருபத்தஞ்சு குடும்பத்துக் கையெழுத்து எல்லாம் வச்சாச்சு. திங்கக்கிழமை பதினோரு பேரு போறோம். காலைல எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சாத்தான் கலெக்டர் ஆபீஸ் வரிசையில டோக்கன் கிடைக்கும்.