வானில் விடுபட்ட வலை

2024 செப்டம்பர் இறுதியில் ஓர் இரவு, பாம்பன் தீவின் குந்துகால் கரையில் நாங்கள் மூவர் அண்ணாந்து அமர்ந்திருந்தோம். மூவரும் இத்தீவில் பிறந்தவர்கள். ஒரு ராக்கெட்டின் மிச்சத்தை வழியனுப்ப வந்திருந்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி37, ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றதை நாடே கொண்டாடியது. கோள்களை இறக்கிவிட்ட அதன் நான்காம் நிலை, வேலை முடிந்த வெற்றுக்கூடாகச் சுமார் 470 முதல் 494 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்திலும் காற்று முற்றிலும் இல்லாமற் போவதில்லை. அந்த மெல்லிய காற்றின் உராய்வு ஆண்டுதோறும் கூட்டைச் சிறிது சிறிதாகக் கீழிறக்கியது. சூரியன் சீற்றம் கொள்ளும் காலங்களில் மேல்வளிமண்டலம் விரிந்து உராய்வு மிகும். 2024 அத்தகைய ஆண்டு. அது விழும் நாள் நெருங்கிவிட்டது என்றார்கள்.

கணக்கைச் சரிபார்த்தபோதுதான் எங்கள் பேதைமை புரிந்தது. இத்தகைய கூடுகளுக்குச் சொந்த ஒளி கிடையாது. நமக்கு இருட்டியிருக்க, அவற்றின் மீது வெயில் பட வேண்டும். அந்தி கழிந்த சிறு பொழுதிலும் விடியலுக்கு முந்தைய சிறு பொழுதிலும்தான் அது வாய்க்கும். எங்கள் கூடோ இக்கடலைப் பகலிலும் நடு இரவிலுமாகக் கடந்துகொண்டிருந்தது. ஒன்றில் வானொளி மறைத்தது. மற்றதில் பூமியின் நிழல் விழுங்கியது. ராடார்களுக்குத் தெரிந்த அது எங்கள் கண்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆயினும் நாங்கள் எழுந்துவிடவில்லை. அந்தி மங்கியதும் வேறொரு புள்ளி வந்தது. மெல்லப் பிரகாசித்து, மங்கி, மீண்டும் பிரகாசித்து, உருண்டபடியே போயிற்று. கைப்பேசியிலிருந்த அட்டவணை அதை ஸெனித் ராக்கெட்டின் இரண்டாம் நிலை என்றது. சோவியத் நாடும் பின்னர் ரஷ்யாவும் ஏவியவை அவை. ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது டன் எடை. ஏறத்தாழ 840 கிலோமீட்டர் உயரத்தில் பல இன்றும் சுற்றுகின்றன. அங்கே காற்று அவ்வளவு அரிது என்பதால் அவை இறங்க நூற்றாண்டுகள் ஆகும்.

அருகே வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "என்னத்தத் தம்பி பாக்குறீக?" என்றார். சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "கடல்ல அறுந்துபோன வலை சும்மா கெடக்காது. ஆளில்லாட்டியும் அது பாட்டுக்கு மீன் புடிச்சிக்கிட்டேதான் இருக்கும்."

எங்களுக்கு 2001 நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி3-இன் நான்காம் நிலை, டிசம்பர் 19 அன்று வானிலேயே வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. தொட்டியில் எஞ்சிய எரிபொருளே காரணமென்று கருதப்படுகிறது. அதன்பின் மிச்சத்தை வெளியேற்றிவிட்டே கூட்டைக் கைவிடும் வழக்கம் வந்தது. ஆனால் அறுந்த வலை அறுந்ததுதான். அத்துண்டுகளில் சில இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

எஸ்.எல்.வி.-3 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்ததையும், 1980 ஜூலை 18 அன்று வென்றதையும் இத்தீவின் பிள்ளைகள் கதைபோல் கேட்டு வளர்ந்தோம். அதை வழிநடத்திய கலாம் எங்கள் ஊர்க்காரர். மேலே போனதைக் கொண்டாடத் தெரிந்த எங்களுக்கு, மேலே மிஞ்சியது என்னவாயிற்று என்று கேட்க அதுவரை தோன்றியதில்லை. கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவருவதும் தொழிலில் சேர்த்திதான் என்பதை எங்கள் கடற்கரை அறியும். அறிந்தும் எல்லோரும் செய்வதில்லை. வானத்துக்கும் இக்கணக்கு பொருந்தும் போலும்.

அக்டோபர் 6 அன்று எங்கள் கூடு வட அட்லாண்டிக் கடற்பரப்பின் மேல் வளிமண்டலத்துள் நுழைந்து முடிந்தது. எட்டு ஆண்டுகள் நிறையவில்லை. பன்னாட்டு நெறி அனுமதித்ததோ இருபத்தைந்து. அடுத்த முறை குந்துகாலில் அம்முதியவரைக் கண்டு சேதி சொன்னோம்.

"கடல்லதான விழுந்துச்சு? அங்கின வள்ளம் எதுவும் நிக்கலயே?" என்று கேட்டார்.

இல்லை என்றோம். தலையசைத்துவிட்டு மீண்டும் வலைக்குத் திரும்பினார்.