புடைப்பு

அந்தப் புடைப்பை ஒரு வாரம் முன்னாலேயே பார்த்திருந்தேன். காரின் இடது முன் டயரில், பக்கவாட்டில், பாதி எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. அதற்கு முந்தின நாள் ஒரு பள்ளத்தில் 'டொம்'மென்று இறங்கியது ஞாபகம் இருந்தது. காத்து இறங்கலையே, ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழுப்புரம் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். வண்டியில் அம்மாவும் என் மகளும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் காத்தடித்து சோப்புத் தண்ணி ஊற்றினார். குமிழி வந்த இடத்தில் ஆணி. தரையில் படுகிற பகுதி, சின்ன ஓட்டை. 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஒட்டக் கூடாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே தேய்த்து மஷ்ரூம் வைத்தார்.

"வெளியிலேர்ந்து கயிறு சொருகுறது அவசரத்துக்குத்தான். கழட்டிப் பாத்தாத்தான் உள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியும்."

காசு கொடுக்கும்போது முன் டயரைப் பார்த்துவிட்டார்.

"இத எப்ப பாத்தீங்க?"

"இப்பத்தாண்ணே. இதையும் ஒட்டிருங்களேன்."

"இது பஞ்சர் இல்ல தம்பி. உள்ள நூல் அறுந்துபோச்சு. இப்ப காத்தப் புடிச்சிட்டிருக்கிறது வெறும் ரப்பர். சைடுல ஒட்டே நிக்காது. வேகத்துல வெடிச்சா என்ன பண்ணுவீங்க?"

பின்சீட்டைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. ஒட்டிய டயரை முன்னால் மாட்டி, புடைத்ததை டிக்கியில் போட்டார்.

மறுநாள் திருச்சியில் புது டயர் வாங்கினேன். பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைத் தேடிப் படித்தேன்: 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். பழைய டயருக்கு ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்கள்.

"இத வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"பட்டன் நல்லாருக்குல்ல சார். செகண்ட்ஸ்ல போயிரும்."

யாரோ ஒருவர் விலை மலிவென்று வாங்குவார். அவர் வண்டியிலும் பின்சீட் இருக்கும். கத்தி கேட்டு வாங்கி, புடைப்பின் மேலேயே நீளமாகக் கிழித்தேன். அறுந்த நூல்கள் வெளியே துருத்தின. கடைப் பையன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான்.

ஒரு வாரம் முன்னாலேயே தெரியும் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.