வயசாச்சுல்ல...

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. காரணம் அம்மா.

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமதரையில் இருந்தவரை அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இங்கே வந்த மூன்றாம் நாள், கடைக்குப் போய்த் திரும்பும்போது பாதி மேட்டில் நின்றுவிட்டார். "வயசாச்சுல்லடா" என்றார். கால் வீங்கியிருந்தது. "நின்னுக்கிட்டே சமைச்சேன்ல" என்று அதற்கும் ஒரு பதில். நானும் நம்பி இரண்டு மாதத்தைக் கோட்டை விட்டேன்.

கடைசியில் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார்: நுரையீரல் ரத்தக் குழாய்களில் பிரஷர் கூடி, இதயத்தின் வலது பக்கம் பெருத்துவிட்டது.

கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோமே, 120/80, அந்த பிரஷர் வேறு, இது வேறு. வலது பக்கத்துக்கு, பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் வேலைதான். அங்கே சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ.; 20-ஐத் தாண்டினால் நோய். லேசான வேலை என்பதால் வலது கீழறையின் சுவரும் மெல்லியது. அம்மாவோ நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர். புகையில் கெட்ட நுரையீரலில் ஆக்சிஜன் குறையும்போது குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அந்த மெல்லிய சுவர் எதிர்த்துத் தள்ளித் தள்ளி முதலில் தடிக்கும், பிறகு தளர்ந்து விரியும். போக வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்கும். கழுத்து நரம்பு புடைப்பதும், கல்லீரல் வீங்குவதும், கால் வீங்குவதும் அதனால்தான். கையில் பார்த்த பிரஷர் மட்டும் எப்போதும் நார்மல்!

மேல் பரிசோதனைக்குச் சென்னை. கப்பல் என்றால் மூன்று நாள் வரை ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் பறக்கும் விமானத்துக்குள் காற்று, ஏறக்குறைய ஊட்டி உயரத்துக் காற்று. ஆக்சிஜன் குறைந்தால் குழாய்கள் இன்னும் சுருங்கும். டாக்டர் சான்றிதழ், வழியில் ஆக்சிஜன் என்று ஒரு வாரம் அலைந்துதான் கூட்டிப்போனேன்.

இப்போது இன்ஹேலர், நீர் பிரியும் மாத்திரை, வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின். முழுசாகக் குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. மேட்டுக்கு மட்டும் ஆட்டோ.

வெளியூரில் இருக்கும் மக்களே, ஊருக்கு போன் பண்ணும்போது "சாப்டீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்றும் கேளுங்கள். "வயசாச்சுல்ல" என்று பதில் வந்தால், தயவுசெய்து நம்பாதீர்கள்.