சொந்த ஊர் என்னும் வினா

சாம் செல்வன் 1956 இல் எழுதிய ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ என்னும் ஆங்கில நாவலை இவ்வாண்டு விடுமுறையில் வாசிக்க நேர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி இலண்டன் சென்ற கறுப்பின மக்களின் கதை அது. ஆசிரியரின் பெயரைக் கண்டு தமிழரோ என ஐயுறுவோர் முற்றிலும் தவறியவராகார். அவர் பிறந்தது திரினிடாட்டிலாயினும் அவருடைய தந்தையார் சென்னையிலிருந்து அங்கு சென்றவர். திரினிடாட் மக்களின் பேச்சுவழக்கிலேயே கதை முழுவதும் சொல்லப்படுவதால், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை முதன்முதல் எதிர்கொள்ளும் சென்னை வாசகரைப் போல, நாமும் முதற் சில பக்கங்களிற் சற்றுத் தடுமாறுவோம். பின்னர் அவ்வழக்கே நூலின் சுவையாகிவிடுகின்றது.

நாவலில் நிகழ்ச்சிகள் அதிகமில்லை. மோசஸ் என்பவன் பல்லாண்டுகள் இலண்டனில் வாழ்ந்து சலித்தவன். ஊரிலிருந்து புதிதாக வருவோரை வாட்டர்லூ நிலையத்திற் சந்தித்து, தங்க இடம் காட்டி, வேலைக்கு வழி சொல்வது அவனுக்கு வாய்த்த சுமை. அவ்வாறு வரும் கலஹாட் என்பவன் மாரிக் குளிரில் மெல்லிய உடையுடன், பெட்டி எதுவுமின்றி இறங்குகின்றான். இன்னொருவன் தாயை மட்டும் எதிர்பார்த்து நிற்க, குடும்பம் முழுவதும் புகைவண்டியிலிருந்து இறங்குகின்றது. சிரிக்காமல் வாசிக்க முடியாது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இவர்களுடைய பதிவுகளின் மேல் நிறத்தைக் குறிக்கும் சுருக்கெழுத்து ஒன்று இடப்படுகின்றது. எத்தீவிலிருந்து வந்தவராயினும் ஆங்கிலேயருக்கு இவர்கள் யாவரும் ஜமேக்காக்காரரே. ஓரிடத்திற் கலஹாட் தன் கையைப் பார்த்து அதன் நிறத்தோடு வழக்காடுகின்றான். தனக்கு நேர்ந்த இழிவுகளுக்கெல்லாம் காரணம் தானன்று, அந்நிறமே எனத் தீர்ப்பளிக்கின்றான்.

எனினும் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த பகுதி வேறொன்று. போலந்து நாட்டவன் ஒருவனின் உணவகத்திற் கறுப்பருக்கு உணவு பரிமாறப்படுவதில்லை. தாங்களேனும் பிரித்தானியப் பிரசைகள், அவனோ வெறும் அந்நியன் என்று மோசஸ் மனம் வெதும்புகின்றான். வந்தேறியவனே வந்தேறியவனுக்குக் கதவடைக்கும் இவ்விடத்தில், என் நினைவு இலண்டனை விட்டு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டது. அது ஏன் என விளக்குவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் மேற்கிந்திய மக்கள் சில நூற்றுவருடன் தில்பரித் துறைமுகத்தை அடைந்தது. செல்வனின் பாத்திரங்களுக்கு முன்னோடிகள் அவர்களே. அவ்வாண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசியவினச் சட்டம், குடியேற்ற நாடுகளின் மக்களையும் பிரித்தானிய மக்களையும் ஒரே பிரசாவுரிமையின் கீழ்க் கொணர்ந்தது. நிறவெறி அதனால் ஒழிந்துவிடவில்லை. சட்டமேனும் அவர்கள் பக்கம் நின்றது. அதே 1948 இல் புதிதாகச் சுதந்திரம் பெற்ற இலங்கை என்ன செய்தது? 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது. தந்தையும் இங்கேயே பிறந்தவர் என நிறுவவேண்டும். லயன் காம்பராவிற் பிறந்து லயன் காம்பராவிலேயே மடிந்தவர்களிடம் எத்தாள் இருந்திருக்கும்? 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டும், பிரசாவுரிமை கிட்டியவர்கள் சுமார் 1,34,000 பேரே. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. தலவாக்கலையிலிருந்து தெரிவாகிய சி. வி. வேலுப்பிள்ளை எழுத்தாளராகவும் விளங்கியவர். 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்காளரே இல்லாதவிடத்து ஆசனம் ஏது?

இவ்விடத்தில் வடக்குத் தலைமையைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் நியாயம். மலையக மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினையிலேயே தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது. அதை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் முதலானோர் 1949 டிசம்பரிற் தமிழரசுக் கட்சியை நிறுவினர். எனவே எல்லோரும் வாளாவிருந்தனர் என எழுதுவது வரலாறாகாது. அரசியல் மேடையிற் பேசப்பட்டது வீட்டு முற்றம் வரை வந்ததா என்பதே என் ஐயம்.

குடியேறியோரைத் திருப்பி அனுப்பவேண்டும் எனும் கருத்தை உலகறியச் செய்தவராக ஈனொக் பவல் பேசப்படுகின்றார். 1968 ஏப்ரலில் அவர் நிகழ்த்திய உரைக்காக மறுநாளே நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். இலங்கையில் அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, 1964 ஒக்டோபர் 30 அன்று, இரு பிரதமர்களின் கையொப்பத்துடன் அக்கருத்து அரச உடன்படிக்கையாகிவிட்டது. நாடற்றோர் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். ‘பின்னர்’ என்பது 1974 இல் வந்தது; சரி பாதியாகப் பங்கிட்டனர். தேயிலைப் பெட்டிகளைக் கூட இவ்வளவு இலகுவாகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பமும் இக்கணக்கினுள் அடங்கும். பாட்டனார் மூன்று இலட்சத்துள் ஒருவரானார். அவர் தம்பி ஐந்தேகால் இலட்சத்துள் ஒருவரானார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்தவர்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற அப்புகைவண்டியை எம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பர், மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதிக்கு அதனையே பெயராக்கினார். நிலையத்திற் பெட்டியின் சன்னலைப் பற்றிக்கொண்டு பெண்கள் ஒப்பாரி வைத்தது வெறும் வழக்குச் சொல்லன்று என்று பாட்டி சொல்வார். சின்னப் பாட்டனார் நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கம் மீண்டும் தேயிலையையே அடைந்தார். இங்கே ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனார். அப்பெயர் அவர் பேரப்பிள்ளைகளையும் விடவில்லை. பாட்டனாரின் மகனாகிய என் தந்தை பதினாறாம் வயதிற் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை பழகி, கொட்டாஞ்சேனையில் வீடு கொண்டார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேயே. புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில்.

இனி வெள்ளவத்தை. படிப்புச் செலவுக்காக அங்கு ஒரு வீட்டிற் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவி ஒருத்திக்குத் தமிழ் கற்பித்தேன். மாணவியின் பாட்டியார் அன்பே உருவானவர். முதல் நாளே தேநீரும் பருத்தித்துறை வடையும் தந்துவிட்டுக் கேட்டார்:

“பிள்ளை, நீர் எவடம்?”

“கொட்டாஞ்சேனை, அன்ரி.”

“அது இப்ப இருக்கிற இடம். சொந்த ஊர் எவடம்?”

“நான் பிறந்ததும் அங்கதான்.”

“அப்ப, அப்பான்ர ஊர்?”

“அட்டன் பக்கம், அன்ரி.”

“ஓ… தோட்டமோ?”

அந்த ‘ஓ’வுக்கும் ‘தோட்டமோ’வுக்கும் இடையிலிருந்த சிறு மௌனத்தை எழுத்திற் காட்ட இயலாது. வசைச்சொல் எதுவும் அவர் கூறவில்லை. தேநீர் அதன் பின்னரும் வந்தது. அதே அம்மையார் வேறொரு நாள், தம் மகன் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற தொடக்க காலத்தைக் கண் கலங்கக் கூறினார். தொலைபேசியில் ‘அறை இருக்கிறது’ என்றவர்கள் முகத்தைக் கண்டதும் ‘கொடுத்தாயிற்று’ என்றனராம். வீதியிற் சிறுவர்கள் ‘பாக்கி’ என்று கத்தினராம். “நாங்கள் பாகிஸ்தான் ஆக்களோ பிள்ளை? என்ன ஆக்கள் எண்டும் விளங்காத சனம்” என்றார். அவருடைய துயரம் முற்றிலும் உண்மையானது. 1983 ஜூலையில் அவர்கள் வீடு எரிந்தது. அதனால் மகன் நாட்டைவிட்டு ஓடினார். இத்தகைய துயரத்தைக் கண்ட ஒருவருக்கு ‘சொந்த ஊர் எவடம்’ என்ற வினாவின் முனை தெரியாதிருப்பது எவ்வாறு? இலண்டனில் அவர் மகனிடம், ‘அது சரி, உண்மையில் நீ எங்கிருந்து வந்தவன்?’ எனக் கேட்டவர்களும் தேநீர் கொடுத்தே கேட்டிருக்கக்கூடும்.

இதனை யாழ்ப்பாணத்தவர் மீதான வழக்காக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. கொழும்பின் வரலாறே இவ்வாறானது. 1923 பொது வேலைநிறுத்தத்திலும் 1927 துறைமுக வேலைநிறுத்தத்திலும் தொழிலாளரை வழிநடத்தியவர் ஏ. ஈ. குணசிங்க. பொருளாதார மந்தம் வந்து வேலைகள் அருகியதும், அவரே 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1933 இல் வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளரிற் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தோர். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் தலைமை தாங்க, குணசிங்க எதிர்த்து நின்றார். இன்று ‘சொந்த ஊர்’ கேட்கும் வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவர்கள் இவர்களே. 1939 இல் அரசாங்கம் இந்திய நாட்கூலித் தொழிலாளரை வேலைநீக்கம் செய்யப் புகுந்தபோது நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வருகையின்போதே பிறந்தது. தொழில் நிறைந்திருக்கும்போது தோழன், தொழில் குறையும்போது அந்நியன். இவ்விதி தேம்ஸ் நதிக்கரைக்கு மட்டும் உரியதன்று. என் கொட்டாஞ்சேனையும் விலக்கன்று. நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி எம் தெருவிற் பேசப்படும் பேச்சைச் செவிமடுத்தால், ஏணியில் ஒரு படி ஏறியவர் கீழ்ப்படியை மிதிக்கும் வேகம் தெரியும்.

நம் இலக்கியம் இவற்றைக் காணாமலில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தோட்டத்தின் கொடுமையைத் தமிழ்நாட்டு வாசகருக்குக் காட்டிற்று. என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் கதைகள் ஆகியன மலையகத்தின் உள்ளிருந்தே எழுந்தவை. இவற்றை வாசிக்கும் நாம் துரையையும் கங்காணியையும் வெறுக்கக் கற்றுக்கொண்டோம். அது எளிது, துரை கப்பலேறிவிட்டான், கங்காணியும் மறைந்துவிட்டான். தோட்டக் கந்தோரின் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கிளாக்கர் ஐயாவைக் காணும்போது மட்டும் பக்கத்தை விரைவாகப் புரட்டுகின்றோம். அவர் நம் பெரியப்பாவின் சாயலில் இருக்கின்றார் அல்லவா? செல்வனின் துணிவை நான் மெச்சுவது இதனாலேயே. வெள்ளையனைக் குற்றஞ்சாட்டுவதோடு அவர் நிறுத்தவில்லை. அந்தப் போலந்துக்காரனையும் கண்டார். தம் மனிதர்களின் சில்லறைத்தனங்களையும் ஒளிக்காமல் எழுதினார். புலம்பெயர்ந்த நம்மவர் துயரைப் பாடும் கதைகளும் கவிதைகளும் இன்று ஏராளம். அவற்றுள் ஊரில் விட்டுவந்த வாசற்படியில் யார் நிறுத்திவைக்கப்பட்டிருந்தார் எனத் திரும்பிப் பார்ப்பவை அரிது என்பதே என் வாசிப்பு.

2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. 1948 இலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். பாட்டனார் அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு எதுவும் பேசாமல் மடித்து வைத்தார் என அப்பா சொல்வார். சட்டம் தாளிலுள்ள பெயரை மாற்றும். வாசலிற் கேட்கப்படும் வினாவை மாற்ற அதனால் இயலாது.

கடந்த ஆண்டு என் சிற்றன்னையின் மகள் கணக்கியற் தொழிற்பயிற்சிக்காகக் கொழும்புக்கு வந்தாள். வெள்ளவத்தையிற் கடற்கரைப் பக்கமாக ஓர் ஒழுங்கையில் ‘அறை வாடகைக்கு’ என்ற பலகையைக் கண்டு இருவரும் சென்றோம். வீட்டுக்காரர் வரவேற்று அறையையும் காட்டினார். ஊர் கேட்டார். பின்னர் அடையாள அட்டையைப் பார்க்கலாமா என்றார். அதில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் இருந்தன. மாலையில் தொலைபேசியில் அழைத்து, உறவினர் ஒருவருக்கு அறை தேவைப்படுவதாகச் சொன்னார். இரண்டு வாரங்களாகியும் பலகை தொங்கியபடியே இருந்தது. அவள் சிரித்தாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இறுதியில் எங்கள் பக்கமே, ஜம்பட்டா வீதிக்கு அண்மையில், மேல்மாடியில் ஓர் அறை கிடைத்தது. வீட்டம்மா கேட்ட வினா ஒன்றே: குழாயில் தண்ணீர் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் ஒழுங்காக வரும், அந்நேரத்துக்கு எழும்ப முடியுமா?