கடைசியில் கறுப்பு

அடையாற்றில் இருக்கும் அக்காவின் மகன், சென்ற ஆண்டு கல்லூரி விடுதிக்குப் புறப்படுமுன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு இராணுவ வண்டியைப் போலப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக வண்ணம் பூசித் தரவேண்டும். பள்ளியில் தேசிய மாணவர் படையில் இருந்தவன்; பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் பக்கம் போகும்போதெல்லாம் தானாகவே முதுகை நிமிர்த்திக்கொள்வான். நான் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைக் காட்டி மறுத்தேன். பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது 121-ஆம் விதி. "அப்போ என் டிரங்குப் பெட்டிக்காவது அடிச்சுக் கொடுங்க மாமா" என்றான். தகரப் பெட்டியைப் பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு வேறொரு சங்கடம் இருந்தது. இந்த வேலைக்கு ஸ்டிக்கர் வேண்டும். எங்கள் வீட்டில் அது சொல்லக்கூடாத சொல்.

அப்பா மயிலாப்பூர் கச்சேரி சாலையருகே ஒரு சந்தில் முப்பது ஆண்டுகள் பெயர்ப்பலகை எழுதியவர். சாக்குக்கட்டி தடவிய நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டினால் பலகையில் கோடு விழும். அந்தக் கோட்டின்மேல் அவருடைய எழுத்துகள் வரிசையாக வந்து அமரும். பிறகு கணினியில் வெட்டிய வினைல் எழுத்துகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே பிளெக்ஸும் வந்தது. 2001-இல் கடையை மூடினார். "ஒட்டறவன்லாம் ஆர்டிஸ்டா?" என்று அன்று கேட்டதோடு சரி. இப்போது எழுபத்தெட்டு வயது. வலக்கை நடுங்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. காப்பித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்கிறார்.

தி.நகரில் வாங்கிய வினைல் சுருளைச் செய்தித்தாளில் சுற்றித் திருடனைப் போல மாடிக்குக் கொண்டுபோனேன். மருமகனுக்கு 2022 ஜனவரி 15 இராணுவ தினத்தில் அறிமுகமான புதிய சீருடையின் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் வேண்டுமாம். அத்தனை கட்டங்களை யார் வெட்டுவது? பழைய பாணித் திட்டுகளே போதும் என்று சமாதானம் செய்துவைத்தேன். பெட்டி முழுக்க முதலில் கறுப்பு அடிப்பதென்று டப்பாவைத் திறந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"கறுப்பு மேல மணல் கலர் எத்தனை கோட்டிங் அடிச்சா ஏறும்?"

படியேறி வந்து நின்றுகொண்டிருந்தார். சுருளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முறையை அவர்தான் வகுத்தார். முதலில் பெட்டி முழுதும் மணல் நிறம். காய்ந்ததும், மணலாகவே இருக்கவேண்டிய இடங்களில் ஸ்டிக்கர் திட்டுகள். அதன்மேல் பச்சை. பச்சை நிற்கவேண்டிய இடங்களில், முந்தியதைக் கொஞ்சம் மூடியபடி, அடுத்த ஒட்டு. பிறகு பழுப்பு, இன்னும் ஓர் ஒட்டு, கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு முறையும் புதிய வண்ணத்துக்கு முன், அடியில் உள்ள வண்ணத்தையே விளிம்புகளில் மெல்லியதாக ஒருமுறை பூசச் சொன்னார். கசிவதானால் அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அடுத்த நிறம் உள்ளே புகாது.

நான் வெட்டிய திட்டுகள் பெட்டியின் ஓரங்களோடு அடக்கமாக நின்றன. அவருக்குப் பிடிக்கவில்லை. "எழுத்துன்னா ஓரத்துக்குள்ள நிக்கணும். இது ஓரத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகணும். இல்லேன்னா பெட்டி பெட்டியாத்தானே தெரியும்?" முதல் உலகப் போரில், 1915-இல், பிரெஞ்சு இராணுவம் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியபோது அதன் தலைமையில் இருந்த கிரான் த ஸ்கெவொலா ஓர் ஓவியர், நாடகத் திரை எழுதியவர்களும் அதில் இருந்தார்கள். பொருளைக் கண் அதன் விளிம்பைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "இருக்காதா பின்னே" என்றார்.

பச்சையை நான்தான் பூசினேன். பழுப்பு நாளன்று தூரிகையை அவரே எடுத்துக்கொண்டார். நான் கையைப் பார்க்காமலிருக்க முயன்றேன். கை ஆடத்தான் செய்தது. ஆனால் கோட்டைக் காக்கும் பொறுப்பு வினைலிடம் இருந்தது. ஸ்டிக்கரின் மேலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில், நிதானமாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு மணிநேரம் நாங்கள் பேசவில்லை.

கறுப்பும் பூசியானபின் பெட்டி பார்க்கச் சகிக்கவில்லை. புடைத்துப் புடைத்து, தார் கொட்டியதுபோல் இருந்தது. பார்க்க வந்த மருமகன் மரியாதைக்காகப் பேசாமல் நின்றான். பிறகு கறுப்பு முற்றும் இறுகுமுன் ஒவ்வொன்றாக உரித்தோம். முதலில் ஒட்டியதெல்லாம் கடைசியில் வந்தது. ஒரு வாரம் கண்ணில் படாதிருந்த மணல் நிறம் சற்றும் மாசுபடாமல் வெளியே வந்ததைப் பார்த்து அவன் கூச்சலே போட்டான்.

மூடியின் ஒரு மூலையில் மட்டும் ஸ்டிக்கரோடு வண்ணமும் உரிந்து தகரம் தெரிந்தது. கடற்காற்றின் ஈரத்தில் மணல் நிறம் சரியாகக் காயுமுன் நான் அவசரப்பட்டு ஒட்டியதன் பலன். அந்த இடத்தில் இனி ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. கையால்தான் ஒப்பேற்ற வேண்டும். அப்பா சிறிய தூரிகையைக் கேட்டு வாங்கினார். நடுங்கிய கோடு நடுங்கியபடியே ஓடித் திட்டின் விளிம்பாகிவிட்டது.

மறுமாதம் மருமகன் விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, எந்த மூலை என்று கேட்டான். "தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சற்று நேரம் சும்மா இருந்தார்.

"அந்த ஷீட் மிச்சம் இருக்காடா?"